தெருவில் போன சத்தம்

வெளிநாடு போய் வந்தவர்கள் பெட்டியைத் திறக்கும்போது, சுற்றி நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். சென்ட் பாட்டில் வருமா, சாக்லெட் வருமா என்று ஒரே ஆவலாக இருக்கும். என் பெட்டியைத் திறக்கும்போது அந்த ஆவல் வெகு சீக்கிரத்தில் தணிந்துவிடும். வேட்டி சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டுத்தான் வெளியே வரும். போன ஊர்களில் தெருவிலே கேட்ட சத்தங்களை அதில் எழுதி வைத்திருப்பேன். இன்ன தெரு, இன்ன நேரம், இன்ன சத்தம், அது யார் போட்ட சத்தம், எதற்காகப் போட்டது. அவ்வளவுதான்.

“கையில் ஃபோன் இருக்கிறதே, ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் பதிவாகிவிடுமே?” என்று தளவாய்புரத்தில் என் தம்பி மகன் கேட்கிறான். பதிவாகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கருவிக்கு எல்லாச் சத்தமும் ஒன்று. யாருடைய சத்தம், அந்தச் சத்தத்தால் அன்றைக்கு அவனுக்கு எத்தனை காசு கிடைத்தது என்பதை அது எழுதிக்கொள்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

இந்தப் பைத்தியம் எனக்குத்தான் முதன் முதலில் பிடித்தது என்று யாரும் எண்ண வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் ஜானகென் என்ற சங்கீத வித்துவான், பாரீஸ் தெருக்களில் கூவி விற்கிறவர்களின் குரல்களைக் கோத்து, பல பேர் சேர்ந்து பாடும் உருப்படி ஒன்று செய்தார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் லண்டனில் ஆர்லண்டோ கிப்பன்ஸ் என்பவர் அதே காரியத்தைச் செய்தார். மீன் விற்கிறவனும் பழம் விற்கிறவளும் கூவியதெல்லாம் கச்சேரிக்கு வந்து சேர்ந்துவிட்டன. கூவியவர்கள் கச்சேரிக்கு வந்தார்களா என்பது வேறு விஷயம்.

1711 டிசம்பரில் அடிசன் தம்முடைய ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையில் லண்டன் தெருக் கூவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கூவல்களைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவன் அயல்நாட்டான், பயப்படுகிறவன் நாட்டுப்புறத்துக் கனவான் என்று ஆரம்பிக்கிறார். பிறகு, ஊரிலுள்ள கூவல்களை எல்லாம் மேற்பார்வை செய்ய என்னை உத்தியோகத்தில் அமர்த்துங்கள் என்று ஒரு கிறுக்கன் கடிதம் எழுதுவதாகக் கற்பனை போகிறது. அந்தக் கடிதத்தில் ஒரு நல்ல நகைச்சுவை இருக்கிறது. கூவுகிறவர்கள் ராகத்தைக் கவனிக்கிறார்களே ஒழிய வார்த்தையைக் கவனிப்பதில்லையாம். ஆகையால் கிராமத்துப் பையன் ஒருவன் துருத்தி பழுது பார்க்கிறவனிடம் ஆப்பிள் வாங்க ஓடுகிறான். கத்தி சாணை பிடிக்கிறவனிடம் போய் இஞ்சி ரொட்டி கேட்கிறான். நம் தெருக்களிலும் இந்தக் கதை உண்டு. பழகிய காதுக்குத்தான் அது உப்பா, கோலமாவா என்று தெரியும்.

அடிசன் போகிற போக்கில் சொன்ன முதல் வாக்கியத்தில்தான் சரித்திரம் இருக்கிறது. உள்ளூர்க்காரனுக்குச் சத்தம் காதில் விழுவதில்லை. விழுந்தால், வெளியே போய்ச் சாமான் வாங்குவான், இல்லாவிட்டால் திட்டுவான். லண்டன்வாசியான சார்லஸ் பாபேஜ் இரண்டாவது ரகம். இன்றைய கம்ப்யூட்டருக்கு மூலபுருஷர் என்று சொல்லப்படும் அதே பாபேஜ்தான். வீட்டு வாசலில் ஆர்கன் பெட்டியைச் சுற்றி வாசித்துப் பிழைத்தவர்கள் தம் கணக்கைக் கெடுக்கிறார்கள் என்று அவர்கள்மேல் பல வருஷம் போர் தொடுத்தார். 1864-இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் தெரு வாத்தியக்காரர்களை விரட்ட ஒரு சட்டமே வந்தது. அவர் செய்த யந்திரத்தின் சந்ததிகள் இன்று நம் எல்லோருடைய பையிலும் உட்கார்ந்துகொண்டு, நேரம் காலமில்லாமல் கிணுகிணுக்கின்றன!

ஆக, ஒரு தெருவின் சத்தத்தை எழுதி வைத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவுக்குப் புதியவர்கள். இதற்கு நான் லண்டனைக் காட்டிலும் நல்ல சாட்சி ஒன்று வைத்திருக்கிறேன். அது எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் பக்கத்தில் மாங்குடி என்று ஓர் ஊர். தளவாய்புரத்துக்கு அதிக தூரமில்லை. இப்போது தென்காசி மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. 2001-02-இல் அரசு தொல்லியல் துறையார் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்தது. பத்துப்பாட்டில் மிக நீளமான மதுரைக்காஞ்சியைப் பாடிய மாங்குடி மருதனார் இந்த ஊர்க்காரர் என்று கொண்டு, அவருக்கு அங்கே நினைவுத் தூணும் எடுத்திருக்கிறார்கள்.

மதுரைக்காஞ்சி 782 அடி. தலையாலங்கானத்துப் போரில் ஜெயித்த பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, உலகம் நிலையில்லாதது என்று எடுத்துச் சொல்வதற்காகப் பாடியது. நிலையில்லாமையைச் சொல்ல வந்த புலவர், மதுரைத் தெருவுக்குள் நுழைந்ததும் வந்த காரியத்தைச் சற்று ஒத்திவைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பகல் கடையின் இரைச்சல், மாலைக் கடையின் இரைச்சல் என்று தனித்தனியாகக் காது கொடுத்துக் கேட்கிறார். அந்தி நேரத்து அங்காடிச் சத்தம் பலவகைப் பறவைகள் கூடு திரும்பும்போது போடும் சத்தம்போல் இருக்கிறதாம். மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் சாயங்காலம் ஆறரை மணிக்கு நின்று பார்த்தவர்கள் இந்த உவமையை மறுக்கமாட்டார்கள். பிறகு இரவு ஜாமங்கள். சங்கின் ஒலி அடங்குகிறது, கடைகளை அடைக்கிறார்கள். விடியற்காலம் வருகிறது. வேதம் ஓதுகிறார்கள், யாழில் மருதப் பண் எழுகிறது, வீட்டுக் கதவுகள் கிறீச்சிடுகின்றன, முந்தின இரவு குடித்த மயக்கம் தெளியாதவர்களின் குழறல் கேட்கிறது, கோழி கூவுகிறது, கூண்டிலிருக்கும் புலி உறுமுகிறது. அரண்மனை முரசையும் குடிகாரனின் குழறலையும் ஒரே வரிசையில் வைக்கிறவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஊர் அடங்கும் இடத்தில் அவர் இன்னொன்றும் செய்கிறார். இனிப்புப் பண்டங்களோடு உட்கார்ந்திருக்கும் அப்ப வியாபாரிகளை மறக்காமல் காட்டுகிறார். அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார்கள். பகலெல்லாம் விற்று ஓய்ந்த ஆள் அவர் கணக்கில் விட்டுப்போகவில்லை. மதுரையில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்த வியாபாரியின் தூக்கம் கண்ணில் பட்டிருக்குமா? சந்தேகந்தான். மாங்குடியிலிருந்து நடந்து போனவருக்குப் பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு யந்திரத்தின் காலம். 1877-இல் எடிசன் ஃபோனோகிராஃபைச் செய்தார். நம் நாட்டிற்கு அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பலர். கிரியர்சன் நடத்திய மொழிக் கணக்கெடுப்பில், பேச்சு மொழிகளைக் கிராமபோன் தட்டில் பிடித்தார்கள்; பைபிளிலுள்ள ஊதாரி மகன் கதையை ஒவ்வொரு பாஷைக்காரரும் தத்தம் பேச்சில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சொன்ன குரல்கள் இருக்கின்றன. ஆனால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அவர்கள் பேசியிருக்கக்கூடிய பேச்சு அதில் இல்லை. ஹாலந்துக்காரரான ஆர்னால்ட் பேக் என்பவர் இன்னும் நல்ல காரியம் செய்தார். 1938-ஐ ஒட்டித் தென்னிந்தியாவில் சுற்றி, பாட்டுகளையும் கூத்துகளையும் பதிவு செய்தார். அவர் 1963-இல் காலமானார். 1984-இல் நஸீர் ஜெய்ரஸ்பாய் என்ற இசை ஆராய்ச்சியாளரும் ஏமி காட்லின் என்ற அம்மையாரும் அந்தப் பழைய பதிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று பேக் போன வழியிலேயே போய், எது எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். நாற்பத்தாறு வருஷத்துக்கு முந்திய சத்தத்தை அது பிறந்த மண்ணுக்கே திரும்பக் கொண்டுபோவது என்றால் சாமான்யமா?

பாட்டையும் கூத்தையும் பிடித்தார்கள், சரி. வெறும் தெருவைப் பிடித்தவர்கள் உண்டா? உண்டு. நியூயார்க்கில் டோனி ஷ்வார்ட்ஸ் என்று ஒருவர். அவருக்கு வெளியே அதிக தூரம் போனால் பயம் வந்துவிடும். அப்படி ஒரு வியாதி. ஆகவே தம் வீடு இருந்த தபால் வட்டாரத்துக்குள்ளேயே ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தார். பிள்ளைகள் விளையாடும் பாட்டு, கடைக்காரன் பேச்சு எல்லாவற்றையும் பிடித்து, அந்த வட்டார எண்ணையே பெயராக வைத்து ‘நியூயார்க் 19’ என்று 1954-இல் இசைத்தட்டு வெளியிட்டார். மற்ற தேசங்களின் சத்தத்தைத் தபாலில் வரவழைத்தார்! உள்ளூர்க்காரனுக்குக் காது கேட்காது என்று மேலே சொன்னேன். அதற்கு இவர் ஒரு விலக்கு. தெருமுனை தாண்டுவதே பிரயாணமாக இருந்தவருக்குத் தெருமுனையே அயல்நாடாகத்தானே இருந்திருக்கும்?

கனடாவில் மர்ரே ஷேஃபர் என்பவர் இதை ஒரு படிப்பாகவே ஆக்கினார். வான்கூவர் நகரத்தின் சத்தங்களை 1973-இல் இசைத்தட்டாக்கினார்கள். 1975-இல் அவருடைய குழு ஐரோப்பாவுக்குப் போய், ஸ்வீடன், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய ஐந்து இடங்களில் இடத்துக்கு ஒரு கிராமமாக எடுத்துக்கொண்டு, அங்கே கேட்கும் சத்தங்களைப் பதிந்தது. கோயில் மணி எத்தனை தூரம் கேட்கும், வண்டி எத்தனை போகிறது என்றெல்லாம் கணக்கெடுத்தார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து ஃபின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அதே கிராமங்களுக்கு மறுபடியும் போய்க் கேட்டார்கள். குடிமதிப்புக் கணக்குப்போல, சத்தத்துக்கும் ஒரு கணக்கு!

என்னுடைய நோட்டில் அதிகப் பக்கம் பிடித்திருப்பது சிங்கப்பூர். அங்கே இப்போது தெருவில் கூவி விற்கிறவர்களை எளிதில் காண முடியாது. முன்பு இருந்தார்கள். ‘டொக் டொக் மீ’ என்று ஒரு நூடுல்ஸ் வியாபாரம். தள்ளுவண்டி தெருமுனையில் நிற்கும். ஒரு பையன் மட்டும் கையில் இரண்டு மூங்கில் துண்டுகளைத் தட்டிக்கொண்டே வீடு வீடாக முன்னால் போவான். வேண்டுமென்கிறவர்கள் குரல் கொடுப்பார்கள். அத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு வண்டிக்கு ஓடி, கிண்ணங்களைச் சுமந்துகொண்டு வந்து கொடுப்பான். வாய் திறந்து கூவ வேண்டியதில்லை. மூங்கிலே பெயர் சொல்லிவிடும்.

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இதைப் பற்றி ஒரு பெரியவரிடம் கேட்டேன். எண்பது வயதைத் தாண்டியவர், நம் பக்கத்துக்காரர். அவர் உடனே இரண்டு ஸ்பூன்களை எடுத்து மேஜையில் தட்டிக் காட்டினார். டொக்... டொக்-டொக்... டொக். பக்கத்து மேஜைச் சீனக் கிழவி ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“அண்ணாச்சி, அந்தச் சத்தம் இப்ப இல்லையேன்னு இருக்கா?” என்று கேட்டேன்.

“சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. தட்டுன பையனுக்குப் பத்து வயசு. ராத்திரி பதினோரு மணி, மழை வேற. அவன் பள்ளிக்கூடம் போனானான்னு நாம யாரும் கேக்கலை” என்றார்.

நோட்டில் இதையும் எழுதிக்கொண்டேன். 1968-க்குப் பிறகு சிங்கப்பூர் அரசாங்கம் தெரு வியாபாரிகளை எல்லாம் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரையில் அவர்களுக்கென்று கூரை போட்டு, தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் வைத்து, மையங்கள் கட்டிக் கொடுத்தது. சுகாதாரம் வந்தது, மூங்கில் போயிற்று. அந்த மையங்களின் உணவுப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மலேசியாவில் ஈப்போ நகரத்தில் கச்சாங் பூத்தே, அதாவது கடலை, முறுக்கு வகைகள் செய்கிற ஒரு குடியிருப்பே இருக்கிறது. அங்கே குடியேறியவர்கள் எட்டயபுரம் பக்கத்திலிருந்து போனவர்கள். தலையில் தட்டை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாக்கெட் போட்டு விற்கிறார்கள். பாக்கெட்டுக்குக் குரல் வேண்டாம். தட்டு இறங்கியதில் அந்தத் தலைகளுக்குச் சந்தோஷம்தான் இருந்திருக்கும்.

லண்டனில் நான் ஒரு சத்தத்துக்காகவே ஒரு ரயில் நிலையத்துக்குப் போனேன். எம்பாங்க்மெண்ட் என்ற பாதாள ரயில் நிலையம். ரயிலுக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள் என்று ஓர் ஆண் குரல் எச்சரிக்கும். குரலுக்குரியவர் ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகர்; 2007-இல் இறந்துவிட்டார். அவருடைய மனைவி அந்த மேடைக்குப் போய் உட்கார்ந்து, ரயிலை விட்டுவிட்டு, அந்தக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாராம். 2012-இல் ஒரு நாள் போனபோது குரல் மாறியிருந்தது. புதுக் கருவி வைத்துவிட்டார்கள். அந்த அம்மாள் விஷயத்தைச் சொல்லிக் கேட்டுக்கொண்டதும், 2013-இல் அந்த ஒரு மேடையில் மட்டும் பழைய குரலை மறுபடியும் வைத்தார்கள். நான் போன நேரத்தில் ஒரே கூட்டம். குரல் வந்தது. ஒருவர் நின்றுகூடக் கேட்கவில்லை. எல்லோரும் இடைவெளியைக் கவனித்து ஏறிப் போய்விட்டார்கள். அந்தக் குரலுக்கு ஒரு பெயரும் அதைத் தேடி வருவதற்கு ஒரு மனுஷியும் இருந்தார்கள். தெருச் சத்தங்களில் எத்தனைக்கு இந்தப் பாக்கியம் உண்டு?

இனி எங்கள் ஊர். வெளியூர் போய் வந்த காதோடு தளவாய்புரத்தில் நடந்தால், இங்கே எத்தனை சத்தம் அடங்கியிருக்கிறது என்று புரிகிறது. ஈயம் பூசுகிறவரும் அம்மி கொத்துகிறவரும் வருவது அபூர்வம். குச்சி ஐஸ் பெட்டியின் மூடியைப் படீர் படீரென்று அடிக்கும் சத்தம் இல்லை. ஜவ்வு மிட்டாய்க்காரரின் கழி உச்சியில் நின்று ஜால்ரா தட்டும் பொம்மையைத் திருவிழாவில்தான் பார்க்கலாம். ராஜபாளையத்தில் 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கிய பிறகு, மில்லும் சங்குமாக வட்டாரமே வளர்ந்தது. மணி பார்க்கத் தெரியாத பாட்டிமார்களும் சங்குக்கு உலை வைத்தார்கள். தறிச் சத்தம் கேட்ட தெருக்களில் இப்போது தையல் மெஷின் ஓடுகிறது. தளவாய்புரத்து நைட்டிகள் எங்கெங்கோ போகின்றன. சாயங்காலம் ஒரு தெருவைக் கடந்தால், வீட்டுக்கு வீடு மோட்டார் தையல் மெஷினின் விர்ரென்ற சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். பெண்களுக்குக் கைக்காசு கொடுக்கிற சத்தம் அது. கர்ணகடூரமாக இருக்கிறதே என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இன்னொரு சத்தம் உண்டு: தண்டோரா. “இதனால் சகலமானவர்களுக்கும்” என்று சினிமாவில் கேட்டுச் சிரிக்கிறோம். ஊரில் அது சிரிப்பான காரியமாக இருந்ததில்லை. குறிப்பிட்ட ஜாதியில் பிறந்த ஓர் ஆள், பறையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, முச்சந்திக்கு முச்சந்தி நின்று, ஊராரின் உத்தரவை ஊராருக்கே சொல்ல வேண்டும். அது அவன் விரும்பி எடுத்த தொழிலல்ல, தலையில் வைக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் இறையன்பு, இனித் தண்டோரா போடும் வழக்கம் கூடாது, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிப்புச் செய்யலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். சத்தம் சேர்க்கிறவன் என்ற முறையில் நான் வருத்தப்பட வேண்டியவன். வருத்தப்படவில்லை. மேடையில் பறை முழங்கட்டும். போட்டி வைத்து முழங்கட்டும். முச்சந்தியில் ஒருவன் குனிந்து நின்று அடித்த அந்த அடி, போனது போகட்டும். ஆனால் அடித்தவர்களின் பெயரை எந்த ஊர்ப் புத்தகத்திலாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். திருவில்லிபுத்தூர்க் கோபுரம் 192 அடி என்பதை எங்கள் பக்கத்தில் சிறு குழந்தையும் சொல்லும். எங்கள் தெருவுக்குத் தண்டோரா போட்டவரின் பெயரை நாலு வீட்டில் கேட்டேன். இரண்டு வீட்டில் பட்டப்பெயர்தான் தெரிந்திருந்தது.

கூவி விற்கிறவர்கள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. உப்பும் வெங்காயமும் பழைய இரும்பும் இன்றும் தெருவுக்கு வருகின்றன. ஆனால் யாரும் தொண்டையை உபயோகிப்பதில்லை. வண்டியின் முன்னால் ஒரு சிறு ஒலிபெருக்கி. அதில் முன்பே பதிந்து வைத்த ஒரு குரல். திருப்பித் திருப்பி அதே ஏற்றம், அதே இறக்கம். ஷேஃபரும் ஷ்வார்ட்ஸும் சுமை சுமையாகக் கருவி தூக்கிச் செய்த வேலையை எங்கள் உப்புக்காரர் வண்டியிலேயே செய்து கொண்டுவருகிறார்.

போன மாதம் அவரை நிறுத்தி, ஒரு கிலோ உப்பு வாங்கிக்கொண்டு விசாரித்தேன். ஒலிபெருக்கியில் கேட்ட குரலில் நல்ல கம்பீரம். அவருடைய குரல் கம்மியது.

“இந்தக் குரல் உங்க வீட்டு ஆளா?” என்றேன்.

“இல்லை அண்ணாச்சி. மதுரையில ஸ்பீக்கர் வாங்கும்போது மெமரி கார்டுல ஏத்திக் குடுத்தான். எல்லா உப்பு வண்டிக்கும் இதே கொரலுதான்.”

“யார் பேசினதுன்னு கடையில கேக்கலையா?”

“அது யாருன்னு அவனுக்கே தெரியாது. அவன் வேற எங்கிருந்தோ வாங்குனதாம்.”

இதற்குள் அடுத்த தெருவில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் பொத்தானை அமுக்கினார். குரல் மறுபடியும் உப்பு விற்கத் தொடங்கியது. நோட்டில் தேதி போட்டு, தெருப் பெயர் எழுதி, காலை ஒன்பதே கால் மணி என்று குறித்தேன். குரலுக்குரியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தை விட்டு வைத்திருக்கிறேன்.